பாய்லரில் பூத்த விபூதி

சென்றாயனைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பல நாள் பார்த்தேன். யாரும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் மந்திரிமார்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நானே எழுதுகிறேன். என் பெயர் மணியன். மோகனூருக்குச் சற்று முன்னால், நாமக்கல் ரோட்டில் இருந்த அர்த்தநாரி ரைஸ் மில்லில் பதினெட்டு வருடம் ஹல்லர் மிஷின் ஓட்டியவன். சென்றாயன் அதே மில்லின் பாய்லர்க்காரன். அவன் வேகவைத்துக் கொடுத்த நெல்லைத்தான் நான் அரிசியாக்கினேன். அந்தப் பதினெட்டு வருடத்தில் அவனை நான் திட்டாத வாரம் கிடையாது. அதில் பாதி நியாயமில்லாத திட்டு.

ஆள் குள்ளம். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். அவனுக்குச் சொந்த ஊர் சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலை அடிவாரத்தில் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டி. மலை ஏறப்போகும் லாரிகளுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிப் பிழைத்த நாளில், சூடு தணியுமுன் ஒரு மூடியைத் திறந்துவிட்டான். பீறிட்டு வந்த வெந்நீர் கையை அப்படி ஆக்கிவிட்டது. அன்றிலிருந்து அவசரம் என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. ஒரு கேள்வி கேட்டால், அவன் பதில் சொல்வதற்குள் நான் ஒரு பீடியைப் பிடித்து முடித்துவிடுவேன். மோகனூரில் பெண் எடுத்து, எழுபத்திரண்டில் எங்கள் மில்லுக்கு வந்து சேர்ந்தான். அவன் மனைவி பழனியம்மாளும் எங்கள் களத்தில் நெல் காயப்போடுகிறவள்தான்.

புழுங்கலரிசி மில்லுக்கு உயிரே பாய்லர். தொட்டியில் ஊறிய நெல்லுக்கு அதிலிருந்துதான் ஆவி போக வேண்டும். எங்கள் பாய்லர், மூடிப்போன ஒரு பஞ்சாலையிலிருந்து வாங்கிவந்த பழையது. முதலாளி அர்த்தநாரியைவிட அதற்கு வயது அதிகம். அந்தக் காலத்துப் பாய்லர் என்பதால் வெல்டிங் கிடையாது. தகட்டின் மேல் தகட்டை ஏற்றி, வரிசையாக ரிவிட் ஆணி அடித்துச் சேர்த்தது. அடியில் உமியைப் போட்டு எரிக்க வேண்டும். சர்டிபிகேட் வைத்திருந்த பழைய பாய்லர்க்காரர் பச்சமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வேலை முழுவதும் சென்றாயன் தலையில்.

எழுபத்துநான்கில் வாய்க்கால் வறண்டபோது மில்லுக்குள்ளேயே கிணறு வெட்டினோம். வந்ததோ உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குளித்தால் தலை சிக்கு விழும். வேறு வழியில்லாமல் பாய்லருக்கு அதையே விட்டார்கள்.

மறு வருடம் ஆயுதபூஜைக்கு, வழக்கம்போல பாய்லர் முகத்தில் மூன்று பட்டை விபூதி பூசி, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். நாலு நாள் கழித்துத் துடைத்தாயிற்று. அடுத்த வாரம் பார்த்தால், அடுப்பு வாய்க்கு மேலே போகும் ரிவிட் வரிசையில் மூன்று ஆணிகளைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பொடி பூத்திருந்தது. துடைத்தார்கள். மறுபடி பூத்தது.

“ஏனுங்க, இதென்னுங்க வெள்ளையா?” என்று களத்துப் பெண்கள் சென்றாயனைக் கேட்டார்கள்.

“சாமி குடுக்குது, எடுத்துக்கங்க” என்றான் அவன், உமியைத் தள்ளிக்கொண்டே. வாழ்நாளில் அவன் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

சிரிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ஒருத்தியின் காய்ச்சல் இறங்கியது. இன்னொருத்தியின் காணாமல்போன ஆடு திரும்பி வந்தது. முதலாளியின் மனைவி சென்னியம்மாள், கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தையில்லாமல் திருச்செங்கோட்டு மலைக்கு நடையாய் நடந்தவர், இதைக் கேள்விப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எழுபத்தாறு கடைசியில் அவருக்கு மகன் பிறந்தான். செங்கோடன் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு யார் பேச முடியும்? வெள்ளிக்கிழமைதோறும் சென்னியம்மாள் பையனைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து, அந்த ரிவிட் வரிசைக்கு நேராக நிறுத்தி, பூத்ததை வழித்து நெற்றியில் இடுவார். கொஞ்சம் கரிக்கும், எங்கள் சாமியின் விபூதி அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டோம். பல்வலிக்கு நானே அதைக் கன்னத்தில் பூசிக்கொண்டவன்தான், என்னத்தைச் சொல்ல.

கேட்கிறவர்கள் கேட்கலாம்: வருடாவருடம் பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவாரே, அவர் கண்ணில் படவில்லையா என்று. அங்கேதான் எங்கள் புத்திசாலித்தனம் இருக்கிறது.

சேலத்திலிருந்து அவர் வருமுன் பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை இறக்கி, ஆள் நுழையும் ஓட்டையைத் திறந்து வைக்க வேண்டும். சென்றாயன் உள்ளே ஊர்ந்துபோய் படிந்திருக்கும் உப்புக் காரையைக் கொத்தி எடுப்பான். இன்ஸ்பெக்டர் விளக்கோடு உள்ளே போய், சின்னச் சுத்தியால் தகட்டைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார். பிறகு பாய்லர் நிறையத் தண்ணீர் விட்டு, கைப்பம்பால் அழுத்துவார்கள். நூறு பவுண்டு அழுத்தத்தில் ஓடுகிற பாய்லரை நூற்றைம்பது வரை ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால், ஒரு வருடத்துக்கு ஓட்டலாம் என்று எழுதிக் கொடுப்பார். இதெல்லாம் சட்டப்படி நடந்தது. ஆனால் அவர் செருப்புக் காலோடு வருகிறவர், சாமியின் முகத்தில் சுத்தியால் தட்டுகிறவர். ஆகையால் முதல் நாளே சென்னியம்மாள் வந்து சூடம் ஏற்றி, “சாமி, நாளைக்கு ஒரு நாளு மட்டும் எந்திரிச்சு அங்கிட்டு இருந்துக்க” என்று கும்பிட்டு, பூத்ததெல்லாம் பித்தளைச் சிமிழில் வழித்து எடுத்துக்கொள்வார். பிறகு பெண்கள் அந்த இடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் பார்த்ததெல்லாம் பளிச்சென்று இருக்கும் ஆணிகளைத்தான். நான்கு வருடம் இப்படியே போயிற்று.

எழுபத்தொன்பதில் பச்சமுத்துவுக்குக் கண் மங்கிவிட்டது. சர்டிபிகேட் உள்ள ஆள் இல்லாமல் பாய்லரை எரிக்கக்கூடாது என்பதால், சென்றாயனைப் பரீட்சைக்கு அனுப்பினார் முதலாளி. வெள்ளைச் சட்டை ஒன்றை என்னிடம் இரவல் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனான். அங்கே வாய்க்கேள்விதான். தண்ணீர் குறைந்தால் என்ன செய்வாய், சேப்டி வால்வு அடைத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். மெதுவாக என்றாலும் சரியாகச் சொல்லியிருக்கிறான். கடைசியில் ஒருவர் கேட்டாராம்: “ரிவிட்டைச் சுத்தி வெள்ளையா உப்புப் பூத்திருந்தா, அதுக்கு என்ன அர்த்தம்?”

இவன் வாயடைத்து நின்றான். அவர்களும் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாங்களே சொல்லிவிட்டார்கள். “உள்ள இருக்கிற தண்ணி கசிஞ்சு வந்து, சூட்டுல வத்தி, உப்பு மட்டும் நிக்குது. ஆணிக்கு அடியில தகடு வெடிக்க ஆரம்பிச்சிருக்கும். வெளியில தெரியாது. ஒருநாள் அப்படியே கிழிஞ்சுடும். அந்தப் பாய்லர்கிட்ட ஒரு நிமிஷம்கூட ஆளை நிக்க விடக்கூடாது. போய்ப் படிச்சுட்டு அடுத்த தடவை வா.”

ரயிலில் சேலம் வரும்வரை உட்காரவே இல்லையாம். காரணம் எனக்குத் தெரியும். குளிர் காலத்தில் களத்துப் பெண்கள் தூளியை எங்கே கட்டுவார்கள்? பாய்லர் கொட்டகையில்தான், அங்கேதான் கதகதப்பு. அன்று அங்கே நான்கு தூளிகள் தொங்கின. ஒன்றில் அவனுடைய மகள் சின்னாயி, ஐந்து மாதக் குழந்தை.

வந்த உடனே முதலாளியிடம் சொன்னான். அர்த்தநாரி கெட்டவர் அல்ல, பயந்தவர். பாய்லருக்கும் பயந்தார், பொண்டாட்டிக்கு அதைவிடக் கூடுதலாகப் பயந்தார். “இன்னும் இருவது நாள்ல இன்ஸ்பெக்டரே வாராரு. அவரே பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத சென்றாயா. சாமிய உப்புன்னு சொன்னா, அவ ஊட்டுல என்னைய இருக்க விடமாட்டா.”

“அதுவரைக்கும் அணைச்சே வெச்சுரலாமுங்க.”

“அறுவடை நெல்லு வந்து குமிஞ்சு கெடக்குது. அணைக்கிறதாவது!”

 சென்றாயன் தன்னால் முடிந்ததைச் செய்தான். தூளிகளை எல்லாம் அவிழ்த்து, புகை குழந்தைகளுக்கு ஆகாது என்று சொல்லி, களத்தின் அந்தக் கோடியில் இருந்த வேப்பமரத்தில் கட்ட வைத்தான். பழனியம்மாள், “குளுருல பச்சப்புள்ளயக் கொண்டுபோயி மரத்துல கட்டறீங்களே, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்று அவனோடு மூன்று நாள் பேசவில்லை. சென்றாயன் நூறு பவுண்டில் நிற்க வேண்டிய முள்ளை ஐம்பதுக்கு மேல் ஏறவிடவில்லை. கொட்டகைக்குள் யார் தலையைக் காட்டினாலும் விரட்டினான். வெள்ளிக்கிழமை சென்னியம்மாள் பையனோடு வந்தபோது மட்டும் விரட்ட முடியவில்லை. அன்று காலையிலேயே அடுப்பை இழுத்து அணைத்துவிட்டு, குழாய் அடைத்துக்கொண்டது என்று ஒரு பொய் சொன்னான்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். ஐம்பது பவுண்டு ஆவியில் நெல் எங்கே வேகும்? அரைவேக்காட்டு நெல் ஹல்லரில் விழுந்தால் நொய்தான் வரும். “பரீட்சையில கோட்டை உட்டுட்டு வந்து இங்க எங்கழுத்த அறுக்கறயா?” என்று எல்லார் எதிரிலும் கத்தினேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உமியைத் தள்ளப் போய்விட்டான். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு முந்தைய நாள், சென்னியம்மாள் வழக்கம்போல சூடம் ஏற்றிச் சாமியை அந்தப் பக்கம் போகச் சொன்னார். சிமிழ் நிறைந்தது. பெண்கள் புளி போட்டுத் தேய்த்தார்கள். 

மறுநாள் இன்ஸ்பெக்டர் உள்ளே போனார், தட்டினார், வெளியே வந்தார். “காரை கொஞ்சம் அதிகம். தண்ணியை மாத்தப் பாருங்க” என்றார். தண்ணீர் நிரப்பிப் பம்பு அடித்தோம். நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. முள் நின்றது. பத்து நிமிடம் போயிற்று. முள் அசையவில்லை, எங்கும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அப்பாடா என்று முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சென்றாயனைப் பார்த்து இளித்தேன். பின்னால் அவனே எனக்குச் சொன்னான்: அந்த நிமிடம் அவனுக்கும் மனசு லேசாகிவிட்டதாம். முள்ளே நின்றுவிட்டது, இன்ஸ்பெக்டரே பார்த்துவிட்டார், பரீட்சையில் தோற்றவன் இதற்குமேல் என்ன பேசுவது என்று நினைத்தானாம். அப்போது வேப்பமரத்தடியில் குழந்தை அழுதது. பழனியம்மாள் போய்த் தூளியை அவிழ்க்க ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் வந்தாயிற்று, இனிப் பழையபடி கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று அவள் எண்ணம்.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

“சார்” என்றான் சென்றாயன்.

“என்னப்பா?”

 இன்ஸ்பெக்டர் தேதியை எழுதிவிட்டு நிமிர்ந்தார். “ஏதோ சொல்ல வந்தியே?”

“அந்த ரிவிட்டு வரிசையில வெள்ளையாப் பூக்குதுங்க. நாலு வருசமாப் பூக்குதுங்க. நேத்துத்தானுங்க தொடச்சு எடுத்தாங்க.” மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். பத்து நாளாகச் சேர்த்து வைத்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் பிரித்துப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். வைத்தவர் தூவென்று தரையில் துப்பினார்.

தேங்காய்ப் பழத் தட்டோடு வாசலில் நின்ற சென்னியம்மாள் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. அவர் இன்ஸ்பெக்டரை ஒன்றும் சொல்லவில்லை. “என்ர சாமியத் துப்ப வெச்சுட்டயேடா, சென்றாயா” என்றார். தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் தண்ணீரை இறக்கச் சொல்லி, ஓர் ஆணியின் தலையை வெட்டித் தட்டி எடுக்க வைத்தார். ஓட்டையின் ஓரத்தில் விளக்கைப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். அவ்வளவுதான். “உப்பு அடைச்சிருக்கு. பச்சைத் தண்ணிக்குக் கசியாது, சூட்டுலதான் வாய் தொறக்கும்” என்று சொல்லி, எழுதிக்கொண்டிருந்த தாளைக் கிழித்துவிட்டு, இந்தப் பாய்லரை இனி எரிக்கக்கூடாது என்று வேறு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு முடிக்கீறலுக்காக மில் மூடிவிட்டது. அறுவடைக் காலத்தில் நாற்பது பேருக்கு வேலையில்லை. எல்லாருடைய ஆத்திரமும் சென்றாயன் மேல் திரும்பியது. களத்துப் பெண்கள் பழனியம்மாளோடு தண்ணீர்க் குழாயில்கூடப் பேசவில்லை. முதலாளி அவனைக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டே, “நீ வேற எடம் பாத்துக்க சென்றாயா” என்றார். அவன் கரும்பு வெட்டப் போனான். வெட்டுக்கத்தியோடு ரோட்டில் எதிரில் வருவான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வேலை போன கோபம் எனக்கு.

நான்கு மாதம் கழித்து, பழைய பாய்லரைக் கழித்துப் போட கரூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சென்னியம்மாள் மில்லுக்கு வந்தார். அந்த ரிவிட் வரிசை இருக்கிற தகட்டை மட்டும் தனியாக வெட்டித் தர வேண்டும், பூஜை அறையில் வைக்கப்போகிறேன் என்றார். இடுப்பில் செங்கோடன். வந்தவர்கள் கேஸ் வைத்துச் சுற்றிலும் வெட்டி, தகட்டைக் கீழே இறக்கினார்கள். பின்பக்கம் ஒட்டியிருந்த காரையை உதிர்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று ஒருவன் சம்மட்டியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினான்.

தகடு இரண்டாகப் போய்விட்டது. ஆணிக்கு ஆணி, ஓட்டைக்கு ஓட்டை, தபால் தலையைக் கிழித்தது போல நேராக. உடைந்த விளிம்பு பதினோரு ஓட்டைக்குக் கறுத்துப்போய்க் கிடந்தது, பழைய வெடிப்பு. ஒட்டிக்கொண்டிருந்தது ஓரத்தில் நாலு விரல்கடை அளவுதான். அங்கே மட்டும் இரும்பு புதிதாக மின்னியது. இதற்குப் பின்னால்தான் நூறு பவுண்டு ஆவி இருந்தது.

  சென்னியம்மாள் பையனை இறக்கிவிடாமலே குனிந்து, அந்தக் கறுத்த விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வெள்ளிக்கிழமைகளில் பையனை நிறுத்துகிற இடத்தைப் பார்த்தார். மூன்றடி தூரம் இருக்கும். தகட்டைக் கேட்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

சென்றாயன் வீட்டில் சின்னாயிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். முதலாளியம்மாவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“வெள்ளிக்கெழம தவறாம இவனக் கொண்டாந்து அதுக்கு நேரா நிறுத்துனனே, சென்றாயா” என்றார் சென்னியம்மாள்.  “மூணு வருசம் நிறுத்துனனே.”

அவன் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: “சாமி குடுக்குதுன்னு மொதமொதல்ல சொன்னதே நானுங்கம்மா. வெளையாட்டுக்குச் சொன்னனுங்க. அது வெளையாட்டுன்னு சொல்ல அப்பறம் எனக்குத் தைரியம் வல்லீங்க.”

அவன் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சென்னியம்மாள் ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அவன் குழந்தையைப் பார்த்தார், தன் பையனைப் பார்த்தார். “தை மாசம் புதுப் பாய்லரு வருது. நீயே வந்து எரி. வேற ஆருகிட்டயும் என்னால உட முடியாது” என்றார்.

எண்பத்தொன்றில் அவன் மறுபடியும் சென்னைக்குப் போய்ப் பரீட்சையில் தேறினான்; அதுவரை பேருக்கு நாற்காலியில் பச்சமுத்துவே உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டைதான். இந்தத் தடவை நானே துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தேன். புதுப் பாய்லரில் ரிவிட் கிடையாது, எல்லாம் வெல்டிங். தண்ணீரும் ஆற்றிலிருந்து வந்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் ஒருவரையும் துடைக்க விடமாட்டான். இருக்கிற கோலத்திலேயே அவருக்குக் காட்டுவான்.

வெள்ளிக்கிழமை மட்டும் மாறவில்லை. சென்னியம்மாள் வருவார். அடுப்பு எரியுமுன், பாய்லர் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில், தகடு சேருகிற இடம் முழுவதும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார்.

“ஒன்னுமில்லையா, சென்றாயா?”

“ஒன்னுமில்லீங்கம்மா.”

கையை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். கையில் ஒன்றும் இருக்காது. அந்த வெறும் கையைச் செங்கோடன் நெற்றியில் வைப்பார். பிறகு, பக்கத்தில் நிற்கிற சின்னாயியின் நெற்றியிலும் வைத்துவிட்டுப் போவார்.